மொழியறியார் நட்பு

நட்பினை ஆராய வள்ளுவர் ஐந்து அதிகாரங்கள் வகுத்தனர். ஓரிடத்து வாழ்தலும் பலகாற் பழகுதலும் நட்பிற்கு வேண்டா, ஒத்த உணர்ச்சியே அமையும் என்பது அவர் துணிபு. இதற்குப் பரிமேலழகர் காட்டும் சான்று கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாருமாவர். ஆயினும் அவ்விருவர்க்கும் தமிழ் பொதுவாய் இருந்தது. ஒருவர் சொல் மற்றவர் செவிக்கு எட்டியது. மொழியும் இனமும் நாடும் வேறாயவிடத்து, உணர்ச்சி ஒன்றே நின்று நட்பினை ஆக்குமோ? இதனை நூலிற் தேடுதலினும் நிகழ்ச்சியிற் தேடுதல் நன்று.

எம் ஊராகிய அரியாங்குப்பத்தார்க்கு ஆப்பிரிக்காப் பக்கம் முற்றும் புதிதன்று. புதுச்சேரித் துறையினின்று ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் பலர் கப்பலேறினர். 1882-இல் அவ்வாள் ஏற்றுமதி தடையுண்டது. சென்னையினின்று நெட்டாலுக்கு முதற் கப்பல் சென்றது 1860-இல். யாம் கூறப்புகுந்த நிகழ்ச்சி அந்நெட்டாலில் நடந்தது.

1906-இல் ஜூலு மக்கள் ஆங்கு ஆட்சியாளரை எதிர்த்தனர். தலைக்கு 1 பவுன் என விதித்த வரியே காரணம். பம்பத்தா என்னும் தலைவர் முன்னின்றார். காந்தியடிகள் அந்நாளில் ஆங்கில ஆட்சியில் நம்பிக்கையுடையவர். நோயாளரைச் சுமக்கும் தொண்டர் படை ஒன்று திரட்டி அரசினர் பக்கம் சென்றனர். படையினர் 24 பேர். குஜராத்தியர் நால்வருக்கு மேலில்லை, பட்டாணியர் ஒருவர், ஏனையோரெல்லாம் ஒப்பந்தக் கூலி முடித்த தென்னிந்தியர். இப்பெரும்பான்மையோரை வரலாறு படிப்போர் மறந்துவிடுகின்றனர். 

களத்திற் சென்றபின் அவர் கண்டது போர் அன்று, வேட்டை. மருத்துவ விடுதியிற் கிடந்த ஜூலுக்களுட் பலர் போரிற் காயமுற்றவரல்லர். ஐயத்தின்மேற் பிடித்துக் கசையடி பெற்றவர். வேறு சிலர் அரசினர்க்கு நண்பராயிருந்தும் தவறுதலாகச் சுடப்பட்டவர். வெள்ளையர் அவர்தம் புண்ணைத் தொட உடம்படாமையால் அவை சீழ்கொண்டு கிடந்தன. கூலிகளாயிருந்த நம்மவர் அப்புண்களைக் கழுவி மருந்திட்டுக் கட்டினர். வேலிக்கப்பால் நின்ற வெள்ளைச் சிப்பாய்கள் தடுத்தும் கேளாராயினர். அதனாற் சினந்தவர் ஜூலுக்களை வைதனர். சில நாட்களில் 40 மைல் வரை நடந்தும், ஏறத்தாழ ஆறு கிழமை இப்பணி நிகழ்ந்தது. ஜூலு மொழி நம்மவர்க்குத் தெரியாது. தமிழ் அவர்க்குத் தெரியாது. கண்ணும் கைக்குறியுமே நன்றி கூறின எனக் காந்தியடிகள் தாமே எழுதியுள்ளார்.

இதனை நட்பென்னலாமோ? யாம் எளிதில் ஆமென்னோம். புண்ணுற்றவர்க்குத் தெரிவு ஏது? மருந்திட்டவரோ அடித்தவர் படையின் உடை தரித்து வந்தவர். ஆறு கிழமைக்குப்பின் இரு திறத்தாரும் பிரிந்தனர். எனினும் ஒன்று கருதத்தக்கது. ஒப்பந்தம் முடிந்தும் தாயகம் திரும்பாத இந்தியர்மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் வரி சுமத்தியிருந்தது. வரியால் வருந்தும் இனத்தார் ஒருவர், வரியால் அடியுண்ட மற்றொருவர் புண்ணைக் கழுவினர். வள்ளுவர் கூறும் உணர்ச்சியொப்பு ஈண்டு உளதென்றே துணிகின்றோம்.

அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. வாணிகம் நடந்ததென ஓடு சொல்லும். வந்தவரும் இருந்தவரும் நண்பராயினரோ என்பதை அது சொல்லாது. விடுமுறையில் இவ்வூர்ப் பக்கத்து மீனவர் குடியிருப்புகளிற் தொண்டு செய்யப்போகும் எம் குழுவினரும் கண்டது ஒன்றுண்டு: கல்லூரித் தமிழும் கடற்றுறைத் தமிழும் ஒன்றல்ல. அறிவுரை கூறப் புகின் மக்கள் தலையசைத்து அகல்கின்றனர். சிறுவன் காற்புண்ணுக்குக் கட்டிடும்போதோ தாய் தானே வந்து அமர்ந்து பேசுகின்றாள்.

நிற்க. நெட்டாலில் விதைத்தது உடனே முளைக்கவில்லை. 1914 வரை நடந்த இந்தியர் சத்தியாக்கிரகத்தில் ஆப்பிரிக்கர்க்கு இடமில்லை, இது குறையே. 1947 மார்ச்சுத் திங்களிற்றான் ஆப்பிரிக்கர் தலைவர் மருத்துவர் சூமாவும், இந்தியர் தலைவர் மருத்துவர் நாயக்கரும் மருத்துவர் தாதுவும் கூடி உழைப்பதென ஒப்பமிட்டனர். நாயக்கர் டர்பனிற் பிறந்த தமிழர். ஈராண்டு கழியுமுன், 1949 சனவரியில், அதே டர்பனில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் கலகப்பட்டு 142 பேர் மாண்டனர். ஒப்பம் கிழிந்ததென்று கருதினோர் பலர். கிழியவில்லை: 1952-இல் நிறவெறிச் சட்டங்களை மீறி இருசாராரும் ஒருங்கே சிறை புகுந்தனர், நாயக்கரும் அவருள் ஒருவர்.