அதிகாலை ரயில் பிடிக்கும் ஆண்களுக்கு

2001-இல் தங்கச் சுரங்கம் மூடியபின் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் ஆண்கள் பலருக்குப் பிழைப்பு பெங்களூருவில்தான். விடியுமுன் ரயிலேறி இருட்டியபின் வீடு திரும்புகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தூக்கம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில்தான் ஏறுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் ராத்திரிக்கு 5 மணி நேரமே தூங்கிய இளைஞர்களுக்கு அது 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான்; பத்தே பேர். ஆனாலும் ராத்திரி செல்போனைச் சீக்கிரம் மூடிவையுங்கள். ரயில் சீட்டில் போடும் குட்டித் தூக்கம் ஈடாகாது.

தொப்பையைக் குறையுங்கள். கொழுப்பிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும்.

அசதி, ஆசைக்குறைவு நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோனுக்கான ரத்தப் பரிசோதனை காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில். லீவு நாள்தான் தோது. குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும்.

ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்காதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி சுரப்பி விதைகளைத் தூண்டும் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். விதைகள் சுருங்கும், விந்தணு குறையும். குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.