மொய் நோட்டிலிருந்து தொடங்குங்கள்

காதுகுத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று யாராவது கேட்டால், "வீட்டில் பழைய மொய் நோட்டு பத்திரமாக இருக்கிறதா?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். மண்டபம், சமையல், பந்தல் எல்லாம் அதற்குப் பிறகு. தேனி மாவட்டம் ஜெயமங்கலத்தில் எங்கள் வகையறாவில் எந்த விசேஷம் வந்தாலும் கணக்கு எழுதுகிற வேலை என் தலையில்தான் விழும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பத்திரிகை எத்தனை அடித்தோம் என்பதை வைத்து ஆள் கணக்குப் போடாதீர்கள். பத்திரிகை ஊர் முழுக்கப் போகும். பாதிப் பேர் மரியாதைக்காக வாங்கி வைப்பார்கள். நாம் செய்முறை செய்த வீட்டுக்காரர்கள் அப்படி இருக்க மாட்டார்கள், திருப்பிச் செய்ய வந்துவிடுவார்கள். அதனால் நாம் செய்ததை எழுதிய நோட்டைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று எழுதுங்கள். மேல்மங்கலம், வடுகபட்டிக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். சின்னமனூர், கம்பம் பக்கத்திலிருந்து வீட்டுக்கு ஒருவர் வந்தால் அதிகம். சிலர் யாரிடமாவது மொய்யைக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். அன்றைக்கே ஊரில் வேறு விசேஷங்கள் இருந்தால் மொய் எல்லா வீட்டுக்கும் போகும், சாப்பாடு ஓரிடத்தில்தான். வைகாசி வளர்பிறை முகூர்த்தத்தில் இப்படித்தான் அண்டாவில் சோறு மிஞ்சும். காதுகுத்துக்குக் கல்யாணம் போல முகூர்த்தக் கெடுபிடி இல்லை. தேய்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தால் மண்டபமும் கிடைக்கும், மல்லிகைப் பூவும் வாழை இலையும் முகூர்த்த நாள் விலைக்கு ஏறாது.

அடுத்தது வரவு. "மொய் வந்ததும் செட்டில் பண்ணிக்கிடலாம்" என்று பந்தல்காரரிடம் சொல்வது எங்கள் பக்கம் சாதாரணப் பேச்சு. நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. நாம் ஏற்கெனவே செய்து, நமக்குத் திரும்ப வேண்டியது மட்டும்தான் நம் பணம். அதற்கு மேல் வருவது வட்டியில்லாக் கடன். அடுத்த தையிலிருந்தே ஒவ்வொன்றாகத் திருப்பியாக வேண்டும். திரும்ப வேண்டியதிலும் முழுத்தொகையை எழுதாதீர்கள். நோட்டில் இருக்கிறவர்களில் சிலர் இறந்திருப்பார்கள், சிலர் திருப்பூருக்குக் குடிபோயிருப்பார்கள். பாதியை வரவில் வையுங்கள். மிச்சச் செலவுக்கு நெல்லோ வாழையோ விற்ற பணம் கையில் இல்லையென்றால் விசேஷத்தைச் சுருக்குங்கள்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கிற மொய் விருந்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. பலர் கூட்டுச் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே சமையல் என்று செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மொய் மட்டும் அவரவருக்குத் தனி. அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு ஒரே நாளில் காது குத்தினால் நாமும் அதைச் செய்யலாம். தாய்மாமன்கள் வேறு வேறு ஆட்கள் என்பதால் சீர் இறக்கும் நேரத்தை மட்டும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். யார் முதலில் என்கிற மரியாதைச் சண்டை பட்ஜெட்டில் அடங்காது.

மொத்தச் செலவில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான். கிடா வெட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உயிரோடு 20 கிலோ நிற்கிற ஆட்டில் கறி 10 கிலோ பக்கம்தான் தேறும். பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு. 500 பேர் என்றால் 50, 60 கிலோ அரிசி, அதே அளவு கறி. அதாவது ஐந்தாறு ஆடு. நேர்ந்துவிட்டது ஒரு கிடா என்றால் அதைச் சாமிக்கு வெட்டிவிட்டு மிச்சத்தைக் கறியாக எடை போட்டு வாங்குங்கள். வடுகபட்டிப் பூண்டுச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது என்று பூண்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். 2024 தொடக்கத்தில் கிலோ 400 ரூபாயைத் தாண்டிய பொருள் அது. வெற்றிலை பற்றி இந்த ஊரில் கவலை வேண்டாம், கொடிக்காலில் சொல்லி வைத்தால் போதும்.

இலைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்த சமையல் என்றால், இலைக்கட்டு இருக்கிற இடத்தில் நம்பிக்கையான அத்தாச்சி ஒருவரை உட்கார வையுங்கள். பந்திக்குப் பந்தி எத்தனை இலை போனது என்று அவர் குறித்து வைத்தால் இரவில் வாக்குவாதம் வராது.

தங்கம்தான் இப்போது பெரிய தலைவலி. 2024 தொடக்கத்தில் சவரன் 47,000 ரூபாய் பக்கம் இருந்தது. 2025 அக்டோபரில் 90,000 தாண்டிவிட்டது. மொய் நோட்டில் "மோதிரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிச் செய்யும்போது மனக்கசப்புதான் மிஞ்சும். கிராமையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். தாய்மாமன் தோடு, சங்கிலி என்று என்ன போடப்போகிறார் என்பதை ஒரு மாதம் முன்னால் கேட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். "மாமா, விலை இப்படி இருக்கு, ஒரு கிராமோடு நிறுத்திக்கங்க" என்று நாமே சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: வருமான வரியில், எவ்வளவு வந்தாலும் முழு விலக்கு என்பது திருமணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்குத்தான். காதுகுத்துக்கும் சடங்குக்கும் அந்தச் சலுகை கிடையாது. சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர் தருவதற்கு வரி இல்லை. மற்றவர்கள் தருவது ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் வருமானமாகக் கணக்கில் சேரும். தேர்தல் நேரத்தில் விசேஷம் வைத்தால், கையில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்துப் போகும்போது பத்திரிகையையும் ரசீதுகளையும் கூடவே வைத்திருங்கள். பறக்கும் படைக்குச் செய்முறைக் கதை சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம்.

விசேஷம் முடிந்த இரவே மொய்ப் பணத்தை இரண்டு பேர் எண்ணி, நோட்டுக் கூட்டலோடு ஒப்பிட்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்புங்கள். அந்தப் பணத்தில் நாம் வரவில் வைத்த பங்கிலிருந்து சமையல் மாஸ்டர், மைக் செட், பந்தல் பாக்கியைத் தீர்த்துவிட்டு, மிச்சத்தை மறுநாள் காலையில் வங்கியில் தனிக் கணக்கில் போடுங்கள். மாமன் மச்சினன் யாராவது கைமாற்று கேட்டு வருவதற்குள்.