மலை வளைவும் பின்சக்கரமும்

மாதேசுவரன் மலையிலிருந்து பாலாறு வழியாகக் கோபிநத்தம் செல்வோர், முதலில் கொண்டையூசி வளைவுகள் நிறைந்த இறக்கத்தைக் கடக்க வேண்டும். அத்தகைய சாலையில் காரின் பாதுகாப்பு எஞ்சினின் ஆற்றலைக் காட்டிலும், சக்கரங்கள் வண்டியின் சட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ள முறையையே பெரிதும் பொறுத்துள்ளது. இதனை விளக்குவதற்கு நம் நாட்டுப் பழைய கார் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

சென்னையை அடுத்த வண்டலூரில் 1961-ஆம் ஆண்டு முதல் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் அசையும். முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங்குகளும், பின்புறத்தில் குறுக்காக வைத்த ஒரே பட்டை ஸ்பிரிங்கும் உண்டு. பின்புற அரை அச்சு ஒவ்வொன்றும் டிபரன்ஷியல் பெட்டியின் அருகிலுள்ள மூட்டில், கதவு கீலில் ஆடுவதுபோல் ஆடும். எனவே சக்கரம் ஏறி இறங்கும்பொழுது அதன் சாய்வும் மாறுகிறது.

குறை எங்கே எழுகிறது?

வளைவில் விரைந்து திரும்பும்பொழுது, வெளிப்புறச் சக்கரத்தின் அடியைத் தரை உட்புறமாகத் தள்ளுகிறது. மூட்டு தரைக்கு மேலே இருப்பதால், இத்தள்ளுவிசை வண்டியின் பின்பகுதியைத் தூக்க முயல்கிறது. அந்நிலையில் ஓட்டுநர் அஞ்சி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் திடீரென எடுத்தால், எடை முன்னோக்கிச் சாய்ந்து பின்பகுதி மேலும் உயரும். சக்கரம் அடிப்புறம் உள்ளே மடங்கிப் பிடிப்பை இழக்கும், வண்டி சுழன்றுவிடக்கூடும். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்தல் வேண்டும், வளைவுக்குள் அன்று.

திருத்தம் இரு வழிகளில் அமைந்தது

இங்கிலாந்தில், இதே அமைப்பைக் கொண்ட டிரயம்ப் ஸ்பிட்பயர் காரின் நான்காம் வடிவத்தில், 1970-இல் பட்டைகளுட் பெரும்பாலானவை நடுவில் ஆடும்படி பொருத்தப்பட்டன. இதனால் பின்புறத்தின் உருள்வு எதிர்ப்புக் குறைந்தது. அதனை ஈடுசெய்ய முன்புற உருள்வுத் தடைக் கம்பி பருமனாக்கப்பட்டது. இந்தியாவிலோ, 1970-களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில், இரு சக்கரங்களையும் இணைக்கும் உறுதியான ஒற்றை அச்சு பின்புறத்தில் இடம்பெற்றது. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சாயும் என்பது இதன் குறை. எளிய கட்டமைப்பும், சக்கரம் உள்ளே மடங்காமையும் இதன் நிறை. புதுமையானது எப்பொழுதும் பொருத்தமானது ஆகாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பழைய ஹெரால்டைச் சீர்செய்வோர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு

முதலாவது, தேய்ந்த ரப்பர் புஷ்களையும், வலுவிழந்த ஷாக் அப்சார்பர்களையும் மாற்றுக. இரண்டாவது, முன்சக்கரம் திரும்பும் கீழ்மூட்டின் பித்தளை உறுப்புக்குக் கிரீஸ் இடாமல் கியர் எண்ணெயே இடுக. அது வறண்டால் அதனுள் திருகியுள்ள எஃகுத் தண்டு முறிந்து, சக்கரமே சாய்ந்துவிடக்கூடும். இவ்விரண்டும் முடிந்த பின்னரே ஆடும் பட்டை ஸ்பிரிங்கைப் பொருத்துக. அதனுடன் பருமனான முன் கம்பியையும் சேர்த்தே பொருத்துக. ஒன்றை மட்டும் மாற்றினால் முன்பின் சமநிலை கெடும்.

வகுப்பறைச் சோதனை

ஸ்பிரிங்கைக் கடினமாக்கினாலே வண்டி நன்கு ஓடும் எனப் பலர் எண்ணுவர். மாணவர்கள் இதனைத் தாமே சோதிக்கலாம். இலேசான சுருள் ஸ்பிரிங் ஒன்றில் கல்லைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு நீள்கிறது என அளந்த பின் மெல்ல இழுத்துவிட்டு, இருபது அலைவுகளின் நேரத்தைக் கணக்கிடுக. நீட்சி 25 செ.மீ. ஆயின் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 1 விநாடி ஆகும், 6.25 செ.மீ. ஆயின் அரை விநாடி. நீட்சி நான்கில் ஒன்றாகக் குறைய, அலைவு நேரம் பாதியாகிறது. கடினமான ஸ்பிரிங் குறைவாகத் தாழ்ந்து விரைவாகக் குலுக்கும். கரடுமுரடான பாதையில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். அடுத்து, கல்லை நீருக்குள் அமிழ்த்தி ஆடவிடுக. அலைவு விரைவில் அடங்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் செய்யும் பணியும் இதுவே.

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் அலைவை அடக்குகிறது. மூட்டுகள் சக்கரத்தின் நிலையைக் காக்கின்றன. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிந்தவரே எதனை மாற்றுவது, எதனை மாற்றாமல் விடுவது என்பதைச் சரியாக முடிவு செய்ய இயலும்.