கணினிப் பாதுகாப்பு: பொய் எச்சரிக்கையும் கோப்பு அனுமதியும்

மாதிரி வினா: ஹட்டன் நகரப் பாடசாலையொன்றின் கணினிக் கூடத்தில் மாணவரொருவர், இணையத்திலிருந்து பதிவிறக்கிய இலவச சதுரங்க விளையாட்டைப் பென் டிரைவில் கொண்டுவருகிறார். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் உடனே எச்சரிக்கிறது. பரிசோதித்த பின் ஆசிரியர் தமது நிர்வாகிக் கணக்கில் அதனை நிறுவுகிறார். மாணவர் தமது சாதாரண கணக்கில் விளையாடுகிறார். ஆனால் ஆட்டத்தைச் சேமிக்கும்போது 'அணுகல் மறுக்கப்பட்டது' என்ற செய்தி தோன்றுகிறது.
(அ) எச்சரிக்கை பொய்யானதா என எவ்வாறு தீர்மானிப்பீர்?
(ஆ) சேமிக்க முடியாமைக்குக் காரணமும் தீர்வும் யாவை?

மாணவர்களே, இரண்டுக்கும் சேர்த்து 'வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை நிறுத்தி வைக்க வேண்டும்' என எழுதினால் புள்ளி கிடைக்காது. நடைமுறையிலும் இது ஆபத்தானது. டிக்கோயா, மஸ்கெலியா தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைக்குக் கூடத்துக் கணினியே ஒரே கணினியாக இருக்கலாம். வகுப்பினர் அனைவரின் செயற்றிட்டக் கோப்புகளும் அதிலேதான் உள்ளன.

முதலில் (அ) பகுதியைப் பார்ப்போம். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இரு வழிகளில் செயற்படுகிறது. ஒன்று, அறியப்பட்ட வைரஸ்களின் 'கையொப்பங்களுடன்' கோப்பை ஒப்பிடுதல். மற்றது, நிரலின் அமைப்பையும் நடத்தையையும் கண்டு ஊகித்தல். பொய் எச்சரிக்கை பெரும்பாலும் இரண்டாவது வழியில் எழுகிறது. விளையாட்டுகளின் நிறுவல் கோப்புகள் இறுக்கிச் சுருக்கப்பட்டிருக்கும். வைரஸ் எழுதுவோரும் தம் நிரலை மறைக்க அதே சுருக்கும் முறையைக் கையாள்வர். எனினும் கையொப்பமும் தவறலாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காபி நிறுவனத்தின் இற்றைப்படுத்தலொன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான 'எஸ்விசிஹோஸ்ட்' என்பதையே வைரஸ் எனக் கருதியது. பல நாடுகளில் கணினிகள் மீண்டும் மீண்டும் தாமாகவே மறுதொடக்கம் செய்து முடங்கின.

ஆகவே எச்சரிக்கை வந்தவுடன் கோப்பைத் தனிமைப்படுத்திய நிலையிலேயே விட்டுவிடுக. உருவாக்கியவரின் சொந்த இணையத்தளத்திலிருந்து மீண்டும் பதிவிறக்குக. அத்தளத்தில் 'ஷா-256' எண் தரப்பட்டிருப்பின், உங்கள் கோப்பின் எண்ணுடன் 64 குறிகளையும் ஒப்பிடுக. ஒரு குறி மாறினாலும் அது வேறு கோப்பு. பின்னர் வைரஸ்டோட்டல் போன்ற தளத்தில் பல மென்பொருள்களால் சோதிக்கலாம். ஒன்றிரண்டு மட்டும் பொதுப்பெயரால் ஐயுற்றால் பொய் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். பல மென்பொருள்கள் ஒரே வைரஸ் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் அழித்துவிடுக.

விலைக்கு விற்கப்படும் விளையாட்டின் 'கிராக்' பதிப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. 'நிறுவுமுன் வைரஸ் எதிர்ப்பை நிறுத்துக' என்று அதனுடன் வரும் குறிப்பே ஐயத்திற்குரியது. மேலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பளிக்கிறது.

(ஆ) பகுதிக்கும் வைரசுக்கும் தொடர்பில்லை. ஆசிரியர் நிறுவியபோது விளையாட்டு 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் அமர்ந்தது. அங்கு சாதாரண பயனர் கோப்புகளை வாசிக்கலாம், இயக்கலாம், எழுத முடியாது. பழைய விளையாட்டுகளோ தம் சேமிப்புக் கோப்பைத் தாம் இருக்கும் கோப்புறையிலேயே எழுத முனையும். அதே விளையாட்டு பென் டிரைவிலிருந்து இயங்கும்போது சேமிப்பது ஏன்? பென் டிரைவ் ஃபாட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால் அதில் பயனர் அனுமதி என்பதே இல்லை. என்டிஎப்எஸ் முறையில் உண்டு. (இவ்வேறுபாட்டைத் தனி வினாவாகவும் கேட்கலாம்.)

விண்டோஸ் விஸ்டா (2007) முதலான பதிப்புகளில் சில பழைய விளையாட்டுகளுக்கு மறுப்புச் செய்தி வராது. பணிசெயல் முறைமை அக்கோப்பைப் பயனரின் 'வேர்ச்சுவல்ஸ்டோர்' கோப்புறைக்குச் சத்தமின்றித் திருப்பிவிடும். காலையில் ஒருவர் சேமித்த ஆட்டம் பிற்பகலில் வேறு கணக்கில் நுழைபவருக்குத் தெரியாமற்போவது இதனாலேயே.

தீர்வு: விளையாட்டைப் பயனரின் சொந்தக் கோப்புறையில் நிறுவுதல், அல்லது நிர்வாகி, அவ்விளையாட்டின் கோப்புறைக்கு மட்டும் 'மாற்றியமைத்தல்' அனுமதி வழங்குதல். சி செலுத்தி முழுவதற்கும் 'அனைவருக்கும் முழுக் கட்டுப்பாடு' வழங்குதல் பிழையான விடை. எப்போதும் நிர்வாகியாக இயக்குதலும் அவ்வாறே. விளையாட்டில் வைரஸ் ஒளிந்திருந்தால் அதற்கும் நிர்வாகியின் அதிகாரம் கிடைத்துவிடும்.

இரண்டும் சந்திக்கும் இடமொன்றும் உண்டு. 2017 முதல் விண்டோஸ் 10 இல் உள்ள 'கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறை அணுகல்' வசதியை இயக்கியிருந்தால், அனுமதி சரியாக இருந்தும் 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் விளையாட்டு எழுதுவது தடுக்கப்படலாம். அப்போது அனுமதியை மாற்றிப் பயனில்லை; பாதுகாப்பு வரலாற்றைத் திறந்து, தடுக்கப்பட்ட அந்த ஒரு நிரலை மட்டும் அனுமதிக்க வேண்டும்.