கிரெலினைப் பழிக்காதே

பசுமலை

அன்புள்ள தம்பி,

“கிரெலினை அடக்க ஒரு மாத்திரை வந்துவிட்டால் பசியே இருக்காதுதானே, ஐயா?” என்று போன வாரம் கேட்டாய். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ‘பசி ஹார்மோன்’ என்று பெயர் வைத்தாலும் வைத்தார்கள், எல்லோரும் அதைப் பகையாளியாகவே பார்க்கிறார்கள். எனக்கு அதில் கோபமே உண்டு.

1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 28 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. மூன்றாவதான செரினில் எட்டுக் கார்பன் கொழுப்பு அமிலம் ஒன்று ஒட்டியாக வேண்டும். ஒட்டாவிட்டால் அது ஏற்பியைத் தூண்டாது. (நம் தேங்காய் எண்ணெயிலும் அந்த அமிலம் உண்டு.) கிரெலினை ஊசியில் ஏற்றினால் பசி கூடும், உண்மைதான். ஆனால் கிரெலினே சுரக்காத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, அவையும் ஏறத்தாழ மற்றவை போலவே தின்று வளர்ந்தன!

அப்படியானால் அதற்கு என்னதான் வேலை? 2010இல் டல்லாஸில் பிரவுன், கோல்ட்ஸ்டீன் குழுவினர் செய்த சோதனையைக் கவனி. அந்தக் கொழுப்பு அமிலத்தை ஒட்டவைக்கும் நொதி இல்லாத சுண்டெலிகளுக்கும் சாதாரணச் சுண்டெலிகளுக்கும் வழக்கமான தீனியில் 40 சதவீதம் மட்டும் போட்டார்கள். ஒரு வாரத்தில் இரு சாராருக்கும் உடல் கொழுப்பு கரைந்துபோயிற்று. சாதாரணச் சுண்டெலிகள் இரத்தச் சர்க்கரையைக் காப்பாற்றிக்கொண்டன. மற்றவற்றுக்கோ அது சாவின் விளிம்புவரை இறங்கியது. கிரெலினையோ வளர்ச்சி ஹார்மோனையோ செலுத்தியதும் சர்க்கரை நிலைத்தது. பட்டினியில் கிரெலின் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டி உயிரைப் பிடித்துவைக்கிறது.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும். அந்தப் பஞ்சத்தின்போது, 1877இல், ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். அதை உண்டு உழைக்க முடியாது என்று மருத்துவர் கார்னிஷ் வாதாடினார். நம் முன்னோரில் பிழைத்தவர்களைத் தாங்கியதில் கிரெலினுக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

இன்று உடல் இளைக்கப் பட்டினி கிடப்பவரையும் அது பஞ்சத்தில் அடிபட்டவராகவே நடத்துகிறது. மெல்போர்ன் ஆய்வொன்றில், எடை குறைத்தவர்களுக்கு ஓராண்டுக்குப் பிறகும் கிரெலின் உயர்ந்தே இருந்தது. ஆகவே இளைத்து மறுபடி பருத்தவரை ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று இனி என் காதுபடச் சொல்லாதே.

நீ கேட்ட மாத்திரை விஷயம். நீ நினைத்ததற்கு நேர்மாறாக, கிரெலினைப் போலச் செயல்படும் அனமோரெலின் என்ற மாத்திரைக்கு 2021இல் ஜப்பான் அனுமதி தந்தது. புற்றுநோயால் உருகிப்போகிறவர்களுக்குப் பசியெடுக்கவைக்கத்தான் அதைக் கொடுக்கிறார்கள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்