வழுகிய முள்ளென்பு

உம்மும்மாவின் நாரியில் நான்காம் முள்ளென்பு, வயதுத் தேய்வால், ஐந்தாவதன் மேல் முன்னோக்கி வழுகியிருக்கிறது. சற்று நடந்தால் கால் விறைக்கும். குனிந்து உட்கார்ந்தால் குறையும். குனியும்போது நரம்புப் பாதை கொஞ்சம் அகல்வதே காரணம்.

வைத்தியர் இரண்டு சத்திரசிகிச்சைகளைச் சொன்னார். ஒன்று, நரம்பை அழுத்தும் என்பையும் தடித்த இணையத்தையும் அகற்றுவது. மற்றையது, அத்தோடு திருகாணிகளும் பூட்டி, என்புத் துண்டுகள் வைத்து, இரண்டு முள்ளென்புகளையும் ஒன்றாக வளரச் செய்வது.

"பூட்டினால்தானே உறுதி?" என்றார் வாப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நோர்வேயில் இத்தகைய 267 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வில், இரு வருடங்களின் பின் இரு குழுக்களிலும் பத்துப் பேரில் ஏழு பேரளவில் கணிசமாகத் தேறியிருந்தனர். பூட்டுவதற்குச் சத்திரசிகிச்சை நேரமும் கூட, ஆஸ்பத்திரி நாட்களும் கூட. 2016இல் வெளியான, 66 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வோ பூட்டியவர்களுக்குச் சற்றுக் கூடுதல் பலனைக் காட்டியது. இங்கேதான் குழப்பம்.

எனவே வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டியது: குனியும்போதும் நிமிரும்போதும் அந்த என்பு அசைகிறதா? இரு நிலைகளிலும் எடுக்கும் எக்ஸ்ரே அதைக் காட்டும். அதிகம் அசைந்தால் பூட்டுவதில் நியாயம் உண்டு. என்பு மெலிந்திருந்தால் திருகாணி தளரவும் கூடும்; அதையும் கேட்க வேண்டும்.

உம்மும்மாவின் கேள்வி வேறு: "மகள், பிறகு சுஜூது செய்ய ஏலுமா?" அதைத் தாளில் முதலாவதாக எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை கிளினிக்.