இன்னும் விசேஷம் இல்லையா?



கல்யாணமாகி ஆறு மாதம் ஆனதும் கேள்வி ஆரம்பமாகிவிடும். குழாயடியில் கேட்பார்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரகடத்துக்குப் போகும் கம்பெனி வேனில்கூடக் கேட்பார்கள்: "என்னம்மா, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" கேட்டவர்கள் இறங்கிப் போய்விடுகிறார்கள். கேட்கப்பட்ட பெண்ணுக்கு அன்று ராத்திரி தூக்கம் கிடையாது.

"குழந்தை போதும்னு சொல்லத்தானே நீங்க வருவீங்க. வேணும்ங்கிறவங்களுக்கு என்ன சொல்வீங்க?" என்று குன்றத்தூர்ப் பக்கம் ஒரு மாமியார் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. முன்பு குடும்பக் கட்டுப்பாடு என்றிருந்த திட்டத்தின் பெயர் 1977-ல் குடும்ப நலம் என்று மாறியது. குழந்தைக்காக ஏங்கும் வீட்டின் நலமும் அதில் சேர்ந்ததுதான். இந்தப் பிரசுரத்தை அந்த அம்மாவுக்கு நான் சொல்லும் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எது தாமதம்?

கருத்தடை எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழும் நூறு தம்பதிகளில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டுக்குள் கருத்தரிக்கிறார்கள். ஆகவே ஆறாம் மாதத்தில் கவலைப்பட வேண்டாம். ஓராண்டு கடந்துவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது ஆகியிருந்தால் ஆறு மாதமே கெடு. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, அல்லது வருவதே இல்லை என்றால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தக் குறை ஏற்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் அல்ல.

கரு உண்டாகும் விதம்

பெண்ணின் கருப்பைக்கு இருபுறமும் இரண்டு சினைப்பைகள் உள்ளன. சாதாரணமாக மாதம் ஒரு சினைமுட்டை முற்றி வெளியே வரும். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு இது நடக்கும். முட்டை கருக்குழாய்க்குள் வந்து ஒரு நாள் மட்டுமே உயிரோடு இருக்கும். ஆணின் விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும். இரண்டும் குழாயில் சேர்ந்து கருவாகி, மெல்ல நகர்ந்து கருப்பையில் ஒட்டிக்கொள்கிறது. முட்டை வர வேண்டும், குழாய் திறந்திருக்க வேண்டும், கருப்பை தாங்க வேண்டும், விந்தணு நன்றாயிருக்க வேண்டும். இந்த நான்கில் எது தவறினாலும் தாமதம்தான்.

இதில் நம் பகுதிக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. மூன்று ஆண்டாகக் குழந்தை இல்லை என்று வந்த ஒரு தம்பதியிடம் விசாரித்தேன். அவர் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு, அந்தப் பெண் வேறொன்றில் பகல் ஷிப்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருவருக்கும் பொது. அன்றைக்கும் துணி துவைக்கவும், ஊருக்குப் போகவும், தூங்கவுமே நேரம் சரியாகிவிடுகிறது. மாதத்தில் கருத்தரிக்க ஏற்றவை ஆறு நாட்கள்தான்: முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு ஆகிறவர்களுக்கு, முதல் நாளிலிருந்து எண்ணினால், 9 முதல் 14-ம் நாள் வரை. சுற்று நீண்டால் இதுவும் தள்ளிப்போகும். அந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். ஷிப்டு மாற்றிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறார்கள். "வீட்டில் வேலை இருக்கிறது" என்று சொல்லிக் கேட்டால் போதாதா?

பெண்களிடம் காணும் காரணங்கள்

மிகவும் சாதாரணமாகக் காண்பது, முட்டை ஒழுங்காக வராமை. மாதவிலக்கு முறை தவறும், உடல் பெருக்கும், முகத்தில் பருவும் முடியும் வரும், சிலருக்குக் கழுத்தின் பின்புறம் கறுத்துப்போகும். ஸ்கேன் எடுத்தவர்கள் "நீர்க்கட்டி" என்று சொல்லியிருப்பார்கள். பெயரைக் கேட்டுப் பயந்து, ஆபரேஷன் செய்து கட்டியை எடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது உண்மையில் கட்டி அல்ல. முற்றாமல் நின்றுபோன சிறு முட்டைப் பைகள். எண்பது கிலோ எடையுள்ளவர் நான்கிலிருந்து எட்டுக் கிலோ குறைத்தாலே பலருக்கு முட்டை தானாக வர ஆரம்பித்துவிடுகிறது. வராதவர்களுக்கு மாதம் ஐந்து நாள் சாப்பிடும் மாத்திரை இருக்கிறது. டாக்டர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா சாப்பிட்ட சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கக் கூடாது.

தைராய்டு சுரப்பிக் கோளாறும் முட்டையைத் தடுக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அடுத்தது கருக்குழாய் அடைப்பு. நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, காய்ச்சல் இவற்றை "சூடு" என்று சொல்லி மோர் குடித்துவிட்டு விட்டுவிடுகிறோம். கிருமி மேலே ஏறிக் குழாயைத் தழும்பாக்கிவிடுகிறது. சில தொற்றுகளுக்கு மனைவி மட்டும் மருந்து சாப்பிட்டால் போதாது, கணவரும் சாப்பிட வேண்டும். தகுதியில்லாதவர்களிடம் கருக்கலைப்பு செய்துகொண்டவர்களுக்கும் இதே கதி வருகிறது. சட்டப்படியான கருக்கலைப்பு 1971-ன் சட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலேயே நடக்கிறது.

அடைப்புக்கு இன்னொரு காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அது காசநோய். காசநோய் என்றால் இருமல் என்றுதான் நினைக்கிறோம். நுரையீரலில் எப்போதோ புகுந்த கிருமி ரத்தத்தோடு போய்க் கருக்குழாயில் தங்கிவிடுவதுண்டு. இருமல் இருக்காது. பெண் பார்க்க நன்றாகவே இருப்பாள். மாதவிலக்கின் போக்குக் குறைந்துகொண்டே வரலாம். சிலருக்குக் கரு தங்காததே ஒரே அடையாளம். இதற்கு மருந்து குறைந்தது ஆறு மாதம், முழுவதும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்த மத்திய அரசு, 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே, 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம்தான். ஆனால் ஒன்று: மருந்து கிருமியைக் கொல்லும்; தழும்பேறிச் சுருங்கிய குழாயைத் திறக்காது. சீக்கிரம் வாருங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

மாதவிலக்கில் தாங்க முடியாத வலி, கருப்பைக்குள் வளரும் தசைக்கட்டி, இவையும் சிலருக்குக் காரணமாகும். வயதையும் சொல்லியாக வேண்டும். பெண் குழந்தை பிறக்கும்போதே அவள் ஆயுளுக்கான முட்டைகள் அத்தனையும் உள்ளே இருக்கின்றன, புதிதாக உண்டாவதில்லை. 35-க்கு மேல் அவை வேகமாகக் குறைகின்றன. "கடன் அடையட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் மனதில் வையுங்கள்.

முன்பு மாத்திரை சாப்பிட்டதால், காப்பர்-டி போட்டதால் கருப்பை கெட்டுவிட்டது என்பது தவறு. நிறுத்தியதும் கரு தங்கும். மூன்று மாத ஊசி போட்டவர்களுக்கு மட்டும் சில மாதங்கள் தாமதமாகும்.

கணவர்களுக்கு

தம்பி, இது உங்களுக்கு. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரில் ஆணிடமும் குறை இருக்கிறது, தனியாகவோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ. மனைவிக்கு ஸ்கேன், சாயம் செலுத்தி எக்ஸ்ரே, துளை போட்டுப் பார்ப்பது என்று மூன்று வருஷம் அலைக்கழித்த பிறகு, கணவரின் விந்துப் பரிசோதனையில் உயிரணுவே இல்லை என்று தெரிந்த வீட்டை நான் அறிவேன். அதற்குள் அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். உள்ளதிலேயே வலியில்லாத, செலவு குறைந்த பரிசோதனை உங்களுடையதுதான். முதலில் அதைச் செய்யுங்கள். உலைக்களத்தின் சூடு, பீடி சிகரெட், குடி, ஜிம்மில் சதை ஏற்றப் போடும் ஊசி இவை அணுக்களைக் குறைக்கும்.

இன்னொரு கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று பேசும் பெரியவர்களுக்கு: குறை உங்கள் மகனிடம் இருந்தால், இரண்டாவதாக வரும் பெண்ணும் அதே கண்ணீர்தான் விடுவாள்.

எங்கே போவது?

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்ற பழமொழியைச் 'சஷ்டியில் இருந்தால்' என்று பெரியவர்கள் திருப்பிச் சொல்வார்கள். விரதம் இருங்கள், குன்றத்தூர் மலையேறி வேண்டிக்கொள்ளுங்கள். இறங்கி வரும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் அல்லது காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்கும், தேவைப்பட்டால் எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனைக்கும் சீட்டு எழுதித் தருவார்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் கேட்கலாம்.

குழாய் இரண்டும் அடைத்தவர்களுக்குச் சோதனைக்குழாய் முறை உண்டு. உலகில் 1978-லும், சென்னையில் 1990-லும் இம்முறையில் முதல் குழந்தை பிறந்தது. தனியாரிடம் செலவு லட்சக்கணக்கில் போகும், ஒரே தடவையில் பலித்துவிடும் என்றும் இல்லை. 2021-ன் சட்டப்படி பதிவு பெற்ற மையங்கள் மட்டுமே இதைச் செய்யலாம். பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். "நூற்றுக்கு நூறு கேரண்டி" என்று சொல்கிறவரை நம்பித் தாலிச் சரட்டை அடகு வைக்காதீர்கள்.

வரும்போது இருவரும் சேர்ந்து வாருங்கள். கடைசி ஆறு மாதம் மாதவிலக்கான தேதிகளைக் காலண்டரில் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எதையும் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம்; மடங்கிக் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வாருங்கள்.